இறக்கை முளைத்த குதிரையும் இருபது முகப் பகடையும்

மத்ரஸாவில் ஓதிக்கொடுப்பவனிடம் ஊரார் கேட்கும் கேள்விகளில் பத்துக்கு ஒன்பது பழையவை. உளூ, தொழுகை, நோன்பு, ஸகாத் என்று கிதாபுகளில் பாடம் பாடமாக விடை எழுதப்பட்டவை. பத்தாவது கேள்விதான் காலத்துக்குக் காலம் மாறுகிறது. நான் ஓதிக்கொண்டிருந்த நாள்களில் அது தொலைக்காட்சிப் பெட்டியைப் பற்றியதாக இருந்தது. பிறகு கைப்பேசியைப் பற்றியதாயிற்று. சென்ற நோன்புப் பெருநாள் விடுமுறையில் என் தங்கை கேட்டதும் அத்தகைய ஒரு பத்தாவது கேள்விதான்.

அவளுடைய மகன் சென்னையில் பொறியியல் படிக்கிறான். ஊருக்கு வந்தவனின் பையைத் துவைக்க எடுத்தபோது அதற்குள் தடித்த புத்தகம் ஒன்று இருந்திருக்கிறது. அட்டையில் நடுவே ஒரு பெருங்கண், அதன் கீழே வாய் நிறையப் பற்கள், தலையைச் சுற்றிக் காம்பு காம்பாகச் சிறு கண்கள். உள்ளே பக்கத்துக்குப் பக்கம் கொம்பும் வாலும். "காக்கா, இதை வீட்டில் வைத்தால் மலக்குமார்கள் வருவார்களா?" என்று கேட்டாள். அடுத்து அவள் கேட்டதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. "இந்த விளையாட்டில் இவன் ஏதோ ஒரு சாமியைக் கும்பிடுகிற பூசாரியாக நடிக்கிறானாம். அது ஷிர்க் ஆகிவிடாதா?"

நான் முஃப்தி அல்லன். சிறுவர்களுக்கு அலிஃப், பே தொடங்கி ஓதிக்கொடுக்கும் ஆசிரியன். ஆகவே இக்கட்டுரையை யாரும் ஃபத்வாவாகக் கொள்ள வேண்டாம். ஒரு குடும்பத்துக்குள் ஒரு கேள்வி வந்தபோது அதை எவ்வாறு பிரித்துப் பார்த்தோம் என்பதை மட்டுமே எழுதுகிறேன். இதே புத்தகம் வேறு சில வீடுகளிலும் இருக்கிறது என்று அறிந்ததால் எழுதத் துணிந்தேன்.

அந்த விளையாட்டின் பெயர் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 1974 ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் உருவாக்கி வெளியிட்டது. கணினியோ திரையோ இதற்குத் தேவையில்லை. நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்கிறார்கள். ஒருவர் கதையை நடத்துகிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்கிறார்கள்: ஒருவன் போர்வீரன், ஒருவன் மந்திரவாதி, ஒருவன் கள்வன். "பாழடைந்த கோட்டை, கதவு பாதி திறந்திருக்கிறது, என்ன செய்கிறீர்கள்?" என்று நடத்துநர் கேட்பார். கதவில் காதை வைத்துக் கேட்கிறேன் என்பான் ஒருவன். பின்புறமாகச் சுவரேறுகிறேன் என்பான் மற்றொருவன். அச்செயல் பலிக்குமா என்பதை இருபது முகங்கள் கொண்ட பகடை தீர்மானிக்கும். வென்றவர், தோற்றவர் என்று இறுதியில் எவருமில்லை. பணயமும் இல்லை. ஒரே கதை மாதக்கணக்கில் நீளுமாம். நம் மூதாட்டியர் கிஸ்ஸா சொல்லும்போது 'ம்' கொட்டிக்கொண்டிருந்த பிள்ளைகள் இப்போது கிஸ்ஸாவுக்குள்ளேயே புகுந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மருமகனின் குழுவில் ஐந்து பேர். இவன் ஒருவன்தான் முஸ்லிம். இருவர் இந்துக் குடும்பத்துப் பிள்ளைகள். ஒருவன் கிறிஸ்தவன், அவனே கதை நடத்துநர். ஐந்தாமவன் எந்த நம்பிக்கையும் இல்லை என்று சொல்லிக்கொள்பவன். சனிக்கிழமை மாலைகளில் விடுதி அறையொன்றில் கூடுகிறார்கள்.

முதலில் கற்பனையைப் பற்றி. இல்லாததை இருப்பதாகச் சொல்வதெல்லாம் பொய், பொய் ஹராம், ஆகவே கற்பனைக் கதை ஹராம் என்று ஒரே மூச்சில் முடித்துவிடுவோர் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு நான் வழக்கமாக நினைவூட்டுவது அபூதாவூதில் பதிவாகியுள்ள ஒரு நிகழ்ச்சி. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகளுக்கிடையே துணியால் செய்த இரு இறக்கைகளோடு ஒரு குதிரை இருந்ததை நபி (ஸல்) அவர்கள் கண்டார்கள். குதிரைக்கு இறக்கையா என்று வினவினார்கள். சுலைமான் நபியிடம் இறக்கையுள்ள குதிரைகள் இருந்ததைத் தாங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று அன்னை திருப்பிக் கேட்டார்கள். கடைவாய்ப் பற்கள் தெரியும் அளவுக்கு நபியவர்கள் சிரித்தார்கள். அந்தக் குதிரையின் இறக்கையைப் பிய்த்துப் போடச் சொல்லவில்லை. ஒரு பிள்ளையின் கற்பனை, இறைத்தூதர் ஒருவரின் பெயரைச் சாட்சிக்கு அழைத்து வாதாடுகிறது. அல்லாஹ்வின் தூதர் மகிழ்ந்து சிரிக்கிறார்கள். இந்த ஹதீஸை ஓதிக்காட்டும் ஒவ்வொரு முறையும் என் வகுப்புப் பிள்ளைகளின் முகம் மலர்வதைக் கண்டிருக்கிறேன்.

நம் மரபும் கற்பனைக்கு வறுமைப்பட்டதன்று. தமிழ் முஸ்லிம்கள் கிஸ்ஸா என்றும் படைப்போர் என்றும் தனி இலக்கிய வகைகளையே வளர்த்தார்கள். உமறுப் புலவர் சீறாப்புராணத்தில் அரபு நாட்டை வருணிக்கும்போது ஆறுகள் பெருகி வயல்கள் விளையும் தமிழ் நாடாகவே அதைப் பாடினார்; மணல் நாட்டில் நெல் ஏது என்று எந்த ஆலிமும் அவரைக் குற்றக் கூண்டில் ஏற்றவில்லை. வடக்கே அமீர் ஹம்ஸாவின் கதையை அக்பர் ஏறத்தாழ 1400 ஓவியங்களுடன் எழுதுவித்தார். அதில் மாய நகரங்களும் சூனியக்காரர்களும் பறக்கும் பூதங்களும் நிரம்பிக் கிடக்கின்றன. நபியவர்களின் சிறிய தந்தையும் உஹதுப் போரின் ஷஹீதுமான ஒருவரின் பெயரை அந்த நாயகனுக்குச் சூட்டியது எனக்கு உவப்பில்லை. கற்பனை வேறு, கண்ணியத்துக்குரிய ஒருவரின் பெயரைக் கற்பனைக்கு இரையாக்குவது வேறு. மருமகனிடமும் இதையே முதல் நிபந்தனையாகச் சொன்னேன். நபிமார்களும் ஸஹாபாக்களும் மலக்குமார்களும் எவருடைய விளையாட்டிலும் பாத்திரமாகக் கூடாது. அவன் மறுப்பின்றி ஏற்றான்.

தங்கையின் அச்சத்தைச் சிறுமைப்படுத்த எனக்கு மனமில்லை. அமெரிக்காவிலேயே, 1980களில், இதே புத்தகங்களைக் கண்டு தாய்மார்கள் நடுங்கியிருக்கிறார்கள். மகனைத் தற்கொலைக்குப் பறிகொடுத்த ஒரு தாய், இந்த விளையாட்டே காரணம் என்று நம்பி 1983 இல் ஓர் எதிர்ப்பு இயக்கத்தைத் தொடங்கினார். இது ஷைத்தானிய வழிபாட்டுக்குப் பிள்ளைகளை இழுக்கிறது என்று தேவாலயங்களில் பேசப்பட்டது. தொலைக்காட்சி அதைப் பரப்பியது. விளையாட்டுக்கும் அந்தச் சாவுகளுக்கும் தொடர்பு நிறுவப்படவில்லை. ஆனால் 1989 இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பில் நிறுவனம் ஒரு காரியம் செய்தது. பேய், பிசாசு என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களை நீக்கிவிட்டு, அதே உருவங்களுக்கு வாயில் நுழையாத புதுப் பெயர்களைச் சூட்டியது. கொம்பு அப்படியே இருந்தது, வாலும் இருந்தது. பெயர்ப்பலகை மட்டும் மாறியது. சில ஆண்டுகள் கழித்துப் பழைய சொற்களும் திரும்பிவிட்டன. புண்பட்டவர் யார், எதனால் புண்பட்டார் என்று கேட்காமல் செய்யப்படும் மாற்றம் இப்படித்தான் முடியும்.

எங்கள் வீட்டில் உருவப்படப் புத்தகம் தொழும் அறையிலிருந்து அலமாரிக்குப் போயிற்று. அந்தக் கேள்வி அத்துடன் முடிந்தது.

ஜின்களின் விஷயம் அவ்வளவு எளிதாக முடியவில்லை. இந்த விளையாட்டில் ஜின்னி, இஃப்ரீத்தி, மாரித் என்று நமக்குப் பழகிய பெயர்களிலேயே உருவங்கள் உலவுகின்றன. 1992 இல் அல்-காதிம் என்ற பெயரில் அரபுச் சாயலுடைய ஒரு முழு உலகையே இந்த விளையாட்டுக்காக வெளியிட்டார்கள். சுல்தான் உண்டு, சந்தை உண்டு, ஒட்டகம் உண்டு, ஜின் உண்டு. தவ்ஹீத் மட்டும் இல்லை. அதன் இடத்தில் விதியும் சில கற்பனைத் தெய்வங்களும் வைக்கப்பட்டன. அதைக் கேட்டபோது முதலில் கசந்தது. பிறகு யோசித்தேன். அல்லாஹ்வையும் அவன் தூதரையும் விளையாட்டுக்குள் கொண்டுவராமல் விட்டதே ஒருவகையில் மரியாதைதான். கொண்டுவந்திருந்தால் எவ்வளவு அலங்கோலமாகியிருக்கும்!

மருமகனிடம் நான் சொன்னது இதுதான். அவர்களுக்கு ஜின் ஒரு கதைப் பாத்திரம். நமக்கு அது அல்லாஹ்வின் படைப்பு, நெருப்புக் கொழுந்திலிருந்து படைக்கப்பட்டது (திருக்குர்ஆன் 55:15). இஃப்ரீத் என்ற சொல் அந்நம்ல் அத்தியாயத்தில், பில்கீஸின் அரியணையைக் கொண்டுவர முன்வந்த ஜின்னைக் குறிக்க வந்துள்ளது (27:39). குர்ஆன் ஓதக் கேட்டு ஈமான் கொண்ட ஜின்களின் பெயரில் ஓர் அத்தியாயமே இருக்கிறது. நீ மேசையில் அமர்ந்து 'இஃப்ரீத்தை வெட்டினேன்' என்று சொல்லும்போது உன் நண்பன் சொல்வதும் நீ சொல்வதும் ஒன்றன்று என்பது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருந்தால் போதும், ஆடலாம் என்று நான் சொல்லவில்லை. தெரியாமல் ஆடாதே என்றேன்.

இதில் ஒரு சுவையான செய்தி உண்டு. 1979 இல் வந்த நடத்துநர் கையேட்டின் முன்னட்டையில் ஓர் இஃப்ரீத்தி நிற்கிறது. பின்னட்டையில் அதன் தலைநகரான பித்தளை நகரம். அந்த நகரத்தின் பெயர் அல்ஃப் லைலாவில் இருந்து வந்தது. ஆனால் அங்குள்ள கதையே வேறு. சுலைமான் நபி ஜின்களை அடைத்து வைத்த செப்புக் குடுவைகளைத் தேடி, கலீஃபா அப்துல் மலிக்கின் ஆணைப்படி மூஸா பின் நுஸைர் பாலைவனம் கடந்து போகிறார். பித்தளை நகரத்தை அடைகிறார். உள்ளே எல்லாரும் இறந்து கிடக்கிறார்கள். அரசியின் சடலம் நகைகளோடு கட்டிலில் இருக்கிறது. வழிநெடுகப் பலகைகளில், செல்வம் குவித்து மறைந்துபோன மன்னர்களின் புலம்பல். அந்த நகைகள் மீது கை வைக்கும் ஒருவன் அங்கேயே மடிகிறான். மௌத்தை நினைவூட்டுவதற்காகச் சொல்லப்பட்ட கதை அது. விளையாட்டில் அது அசுரர்களின் ஊராகிவிட்டது. மருமகன் இதைக் கேட்டு வெகு நேரம் பேசாமல் இருந்தான். மறுநாள், அந்தக் கதையை முழுவதும் சொல்லுங்கள் மாமா என்று வந்து அமர்ந்தான்.

இனி தங்கையின் இரண்டாவது கேள்வி. இவன் ஏற்றிருந்த பாத்திரம் கிளெரிக் எனப்படும் மதகுரு. விளையாட்டின் விதிப்படி அத்தகைய பாத்திரத்துக்கு ஒரு தெய்வம் வேண்டும். அத்தெய்வத்திடம் வேண்டித்தான் காயமாற்றும் ஆற்றலைப் பெற முடியும். இவன் புயலுக்குரிய ஒரு கற்பனைத் தெய்வத்தைத் தேர்ந்திருந்தான். என்ன சொல்லி வேண்டுகிறாய் என்று நடத்துநர் கேட்கும்போது, வாய்விட்டு அதைச் சொல்லியும் வந்திருக்கிறான்.

நான் விட்டுக்கொடுக்காமல் நின்றது இந்த இடத்தில்தான். 'அது நானல்ல மாமா, என் பாத்திரம்தான் வேண்டுகிறது' என்றான். மறுக்கத்தக்க வாதமன்று அது. குஃப்ரை எடுத்துச் சொல்பவன் காஃபிராகிவிட மாட்டான் என்று நம் அறிஞர்களிடம் ஒரு நெறி உண்டு. குர்ஆனே ஃபிர்அவ்னின் ஆணவச் சொற்களை எடுத்துச் சொல்கிறது; அதை ஓதுகிற நமக்கு ஓர் எழுத்துக்குப் பத்து நன்மை. ஆகவே கதையில் வரும் ஒருவன் என்ன நம்பினான், என்ன செய்தான் என்று சொல்வது கதை சொல்வதே. ஆனால் 'உன்னிடம் வேண்டுகிறேன், எனக்கு உதவு' என்று, தன் வாயால், தன்மையில், ஒரு படைப்பை நோக்கிச் சொல்வது துஆவின் உருவத்தை எடுத்துக்கொள்கிறது. துஆ வணக்கத்தின் சாரம் என்று சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவன் நான். மார்க்கத்தைக் கேலி செய்துவிட்டு, சும்மா விளையாட்டுக்குச் சொன்னோம் என்று சாக்குச் சொன்னவர்களின் சாக்கு ஏற்கப்படவில்லை என்பது தவ்பா அத்தியாயத்தில் இருக்கிறது (9:65, 66). மருமகன் கேலி செய்யவில்லை, அது வேறு விஷயம் என்பதை நான் அறிவேன். ஆயினும் விளையாட்டு என்ற சொல் எல்லாக் கதவையும் திறக்கும் சாவியன்று என்பதற்கு அவ்வசனம் போதும்.

'அப்படியானால் நான் அந்தக் கூட்டத்தை விட்டே வர வேண்டுமா?' என்று கேட்டான். குரல் இறங்கியிருந்தது. வெளியூரில் தனியாகப் படிக்கும் பிள்ளைக்கு நான்கு நல்ல நண்பர்கள் கிடைப்பது சாதாரணமா? குடியும் புகையும் இல்லாமல் ஒரு சனிக்கிழமை மாலையைக் கழிக்கிற நண்பர்கள். விட்டு வா என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அவர்களிடம் சொல்லிப் பார்த்தாயா என்று கேட்டேன். சொன்னால் சிரிப்பார்கள் என்று நினைத்திருக்கிறான்.

சிரிக்கவில்லை. நடத்துநனான அந்தக் கிறிஸ்தவப் பிள்ளை, இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்டானாம். பாலடின் என்று ஒரு பாத்திர வகை உண்டு. 2014 ஆம் ஆண்டுப் பதிப்பின்படி அதன் ஆற்றல் தெய்வத்திடமிருந்து வர வேண்டிய கட்டாயமில்லை. அது செய்துகொண்ட உறுதிமொழியிலிருந்து வருகிறது. எளியோரைக் காப்பேன், பொய் சொல்லேன் என்பன போன்ற உறுதிமொழி. கதை முறியாமலே புயல் தெய்வத்தின் குரு போய், வாக்குத் தவறாத வீரன் ஒருவன் வந்து சேர்ந்தான். வாக்குறுதியை நிறைவேற்றுவது ஈமானின் அடையாளம் என்று படித்த பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான பாத்திரம் எது?

இவ்வளவு தூரம் சொன்னதெல்லாம் நம் பக்கத்து நியாயம். எனக்கு மிகுதியாக மனத்தில் தைத்தது அவன் வேடிக்கைபோலச் சொன்ன வேறொன்று.

இரண்டு மாதங்களுக்கு முன் அவர்கள் ஆடிய கதையில், மலைக் குகையில் நரபலி கொடுக்கும் ஒரு கூட்டம் வந்திருக்கிறது. அவர்கள் வணங்கும் கொடிய தெய்வத்துக்குக் காளி என்று பெயர். நடத்துநன் பழைய புத்தகம் ஒன்றிலிருந்து அதை எடுத்திருந்தான். கதையின் முடிவில் வீரர்கள் அத்தெய்வத்தையே எதிர்த்துப் போரிட வேண்டும். குழுவில் ஒருவனுக்குக் காளியம்மன் குலதெய்வம். ஆண்டுதோறும் ஊருக்குப் போய்ப் பொங்கல் வைக்கிற குடும்பம். அவன் இரண்டு வாரம் வாய் திறக்காமல் ஆடியிருக்கிறான். மூன்றாம் வாரம், எனக்கு இது ஒருமாதிரி இருக்கிறது என்று சொல்லி எழுந்துவிட்டான். 'அவனுக்கு ரொம்பத்தான் ரோஷம் மாமா' என்று மருமகன் சிரித்தான்.

அந்தப் பழைய புத்தகங்களின் வரலாறு எனக்கும் பின்னர் தெரிந்தது. 1980 இல் டெய்ட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ் என்று ஒரு தொகுப்பு வந்தது. கிரேக்க, எகிப்தியத் தெய்வங்களோடு இந்திரன், விஷ்ணு, லட்சுமி, காளி ஆகியோரையும் அதில் சேர்த்து, ஒவ்வொருவருக்கும் இவ்வளவு உயிர்ப் புள்ளி, இத்தனை அடி விழுந்தால் சாவு என்று எண் போட்டிருந்தார்கள். கிறிஸ்தவர்களோ யூதர்களோ நாமோ வணங்கும் இறைவனை அதில் சேர்க்கவில்லை. கிரேக்கத் தெய்வங்களுக்கு விளக்கேற்றுவோர் அருகிப்போய் நூற்றாண்டுகள் ஆகின்றன. காளிக்கு இன்று மாலையும் என் பக்கத்துத் தெருவில் விளக்கேற்றுகிறார்கள். இரண்டையும் ஒரே பழங்கதைப் பெட்டிக்குள் போட்டது அவர்களின் அறியாமை.

நான் மருமகனிடம் கேட்டேன்: "மூன்றாம் வாரம் எழுந்தவன் அவன். புயல் தெய்வத்துக்காக நீ எத்தனை வாரம் வாய் திறக்காமல் இருந்தாய்?" அவன் சிரிப்பை நிறுத்தினான். பிறகு அல்அன்ஆம் அத்தியாயத்தின் வசனத்தை எடுத்து ஓதச் சொன்னேன் (6:108). அல்லாஹ்வையன்றி மற்றவர்கள் அழைப்பவற்றை ஏசாதீர்கள் என்று அது நம்மைத் தடுக்கிறது; ஏசினால் அவர்கள் அறியாமையால் அல்லாஹ்வை ஏசக்கூடும் என்று காரணமும் சொல்கிறது. அவர்களின் நம்பிக்கையை நாம் ஏற்கிறோம் என்று இதற்குப் பொருளன்று. நம் அகீதாவில் அணுவளவும் குறையாமலே, அடுத்தவனுக்குப் புனிதமானதை நாம் மிதிக்காமல் இருக்கலாம். இருந்தாக வேண்டும் என்பது இறைக்கட்டளை. நம் பிள்ளைகளுக்கு முதல் பாதியை அழுத்திச் சொல்லிக்கொடுக்கிறோம். இரண்டாம் பாதியை, இந்த ஊரில், இந்த அக்கம்பக்கத்தாரோடு வாழும் நாம், இன்னும் அழுத்திச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

அந்த நண்பனிடம் இவன் போய் மன்னிப்புக் கேட்டான். கதையில் தெய்வத்தின் பெயர் மாறவில்லை; தெய்வமே நீக்கப்பட்டது. குகையில் இருப்பவர்கள் அடிமை வணிகம் செய்யும் கொள்ளையர் என்றாயிற்று. 1989 இல் நிறுவனம் செய்ததைவிடக் கல்லூரிப் பிள்ளைகள் ஐவர் ஒரு மாலையில் செய்தது தேவலை.

இவ்விளையாட்டைப் பற்றி விசாரித்தபோது வேறொன்றும் என் கருத்தைக் கவர்ந்தது. நெடுங்காலம் இதில் ஓர்க், ட்ரவ் என்னும் சில இனங்கள் பிறப்பாலேயே தீயவர்கள் என்று எழுதப்பட்டிருந்தது. அவர்களில் ஒரு குழந்தையும் தீமையோடுதான் பிறக்கும், வெட்டினால் பாவமில்லை. இது சரியில்லை, நிஜ உலகில் சில மக்களைப் பற்றிச் சொல்லப்பட்டு வந்த இழிமொழிகளின் எதிரொலி இதில் இருக்கிறது என்று ஆடுவோரே குரல் எழுப்பினார்கள். 2020 இல், விளையாட்டை இப்போது வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் அதை ஒப்புக்கொண்டு, திருத்துவதாக அறிவித்தது. 2024 ஆம் ஆண்டுப் பதிப்பில் இனம் என்று பொருள்படும் சொல்லையே கைவிட்டு, உயிர்வகை என்று பொருள்படும் சொல்லை வைத்தார்கள். மரபு போயிற்றே என்று பழைய ஆட்டக்காரர்கள் சிலர் வருந்துகிறார்களாம்.

நம் வீடுகளில் கொம்பைக் கண்டு அஞ்சுகிறோம். எனக்கோ அந்தக் கொம்பைவிட, பிறப்பால் தீயவர் என்னும் அந்த வரிதான் நம் அகீதாவுக்கு மாறாகத் தெரிகிறது. ஒவ்வொரு குழந்தையும் ஃபித்ராவில் பிறக்கிறது என்பது நாம் கற்றது. ஜின்கள்கூடத் தம்மில் நல்லோரும் உண்டு, அல்லாதோரும் உண்டு என்று கூறியதைக் குர்ஆன் எடுத்துரைக்கிறது (72:11). ஒரு கூட்டத்தாரை அவர்களின் பெயரைக் கொண்டே குற்றவாளிகளாக்கும் பேச்சு எப்படியிருக்கும் என்பதை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. அந்த வரியை ஒரு விளையாட்டு நிறுவனம் திருத்தியது என்றால், நான் அதை நல்ல செய்தியாகவே எண்ணுகிறேன்.

யூதர்களின் விஷயத்திலும் இப்படி ஒன்று நடந்தது. சாகாவரம் தேடிய மந்திரவாதி தன் உயிரை ஒளித்து வைக்கும் பேழைக்கு, யூதர்கள் தொழுகையில் அணியும் வேதவரிப் பேழையின் ஆங்கிலப் பெயரையே சூட்டியிருந்தார்கள். புதிய பதிப்பில் அதை மாற்றி உயிர்க்குடுவை என்பதுபோல் ஒரு சொல்லை வைத்துள்ளனர். நம் தஸ்பீஹ் மணிக்கு அப்படியொரு பயன் கற்பிக்கப்பட்டிருந்தால் நாம் எப்படி உணர்ந்திருப்போம் என்று யோசித்தால், அது சின்ன விஷயமாகத் தோன்றாது.

இப்போதெல்லாம் புதிய கதை தொடங்குமுன் எல்லாரும் கூடிப் பேசிக்கொள்ள ஓர் அமர்வு வைப்பது இவ்விளையாட்டில் வழக்கமாகியிருக்கிறது. இதற்குள் வரவே கூடாதவை எவை, வந்தாலும் மறைவாகக் கடந்து செல்ல வேண்டியவை எவை என்று ஒவ்வொருவரும் சொல்வார்கள். நடுவில் எவருக்கேனும் சங்கடம் என்றால், காரணம் சொல்லாமலே நிறுத்தச் சொல்ல ஓர் அட்டையும் மேசையில் இருக்குமாம். நம் திருமணப் பேச்சுகளில் இப்படியொன்று இருந்தால் எத்தனை வழக்குகள் ஜமாஅத்துக்கு வராமல் போகும் என்று தங்கையிடம் சொன்னேன், அவள் சிரித்தாள்.

மருமகனின் குழு அடுத்த கதைக்கு அப்படி அமர்ந்தது. இவன் சொன்னவை மூன்று: நபிமார்கள், மலக்குமார்கள் வரக் கூடாது, தன் வாயால் எந்தத் தெய்வத்தையும் அழைக்கமாட்டான், மஃரிபுக்குப் பாங்கு சொன்னதும் கால்மணி நேரம் இடைவேளை. மூன்றும் ஏற்கப்பட்டன. இடைவேளையில் மற்றவர்கள் தேநீர் வாங்கி வந்து வைக்கிறார்கள். அதற்கு முன் ஆட்டத்தின் சுவாரசியத்தில் இரண்டொரு முறை மஃரிப் களாவாகியிருக்கிறது என்று அவனே சொன்னான். எனக்குக் கொம்பும் வாலும் தராத அச்சத்தை அந்த ஒரு செய்தி தந்தது.

மிச்சமிருப்பது பகடை. இதை எழுதும்வரை எங்களுக்குள் தீரவில்லை.

நர்து என்னும் பகடையாட்டத்தைக் கடுமையாகக் கண்டிக்கும் நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. நாங்கள் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோர். இமாம் நவவி தம் மின்ஹாஜில், ஸஹீஹான கருத்தின்படி நர்து ஆடுவது ஹராம் என்றும் சதுரங்கம் மக்ரூஹ் என்றும் பிரித்து எழுதுகிறார்கள். சிந்தனையையும் கணக்கையும் ஊன்றி நிற்கும் ஆட்டம் வேறு, குருட்டு வாய்ப்பை ஊன்றி நிற்கும் ஆட்டம் வேறு என்பது நம் ஃபுகஹாக்கள் அதற்குச் சொன்ன விளக்கம். இந்த விளையாட்டில் சிந்தனையும் உண்டு, பகடையும் உண்டு. எது ஊன்றுகோல், எது துணை? பணயம் இல்லையே என்கிறான் மருமகன். பணயம் இல்லாமலும் தடை உண்டு என்பதே நம் மத்ஹபின் வலுவான நிலை என்கிறேன் நான். கைப்பேசியில் எண்ணைத் தட்டினால் அது பகடை ஆகாதே என்று ஒருநாள் சொன்னான். எலும்பில் செய்தாலும் எண்ணில் செய்தாலும் காரியம் ஒன்றுதான் என்றேன். நான் கேட்டுப் பார்த்த ஆலிம் ஒருவர், பகடை என்றால் விலகுவதே பேணுதல் என்றார். மற்றொருவர், முழு விவரமும் கேட்காமல் சொல்ல மாட்டேன் என்றார். அவரிடம் மருமகனையே அழைத்துப் போக எண்ணியிருக்கிறேன்.

பகடையே இல்லாமல் ஆடும் வகையும் உண்டாம். 1991 இல் எரிக் உஜ்சிக் என்பவர், பாத்திரங்களின் திறனை ஒப்பிட்டே முடிவு சொல்லும் ஆட்டம் ஒன்றை வெளியிட்டிருக்கிறார். அந்த முறையில் ஒரு சிறு கதையை நடத்திப் பார்க்கிறேன் என்று மருமகன் சொல்லியிருக்கிறான். இம்முறை கதை நடத்துபவன் அவனே. கதைக்களம் பித்தளை நகரம்: விளையாட்டில் உள்ள அசுர நகரமன்று, இறந்தவர்களும் பலகைகளும் உள்ள நகரம். குடுவைகளை அடைத்தவர் யார் என்று நண்பர்கள் கேட்டால் பழங்காலத்து அரசர் என்று மட்டும் சொல்வானாம். பலகைகளில் என்ன எழுதலாம் என்று கேட்டு நேற்றுப் பேசினான். அசருக்குப் பிறகு அழைக்கச் சொன்னேன்.